வாணியம்பாடிக்கு ஓடிய வருடம்

எனக்கு இருபத்து மூன்று வயதில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தது. தைக்கிற வேலை இல்லை. தைக்கிறவர்களின் பின்னால் நின்று நேரம் பார்க்கிற வேலை. ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், இன்னொரு கையில் கிளிப் போட்ட அட்டை. மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு பீஸை எடுத்து, பொருத்தி, தைத்து, நூலை வெட்டி, அடுத்தவரிடம் தள்ளிவிட எத்தனை விநாடி ஆகிறது என்று குறிக்க வேண்டும். அதை வைத்து அந்த வரிசை ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜோடி முடிக்க வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்வார். அந்த எண்ணுக்கு டார்கெட் என்று பெயர். லைனின் முனையில் ஒரு கரும்பலகையில் அதை எழுதி வைப்பார்கள்.

நான் போய்ப் பின்னால் நின்றதும் அந்தப் பெண்களின் தோள்கள் இறுகும். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சிலர் வேண்டுமென்றே நூலை அறுத்துவிட்டு, அதைக் கோர்க்க நிதானமாக நேரம் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. நான் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி இருந்தார். ஆலங்காயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற ஓர் அக்கா. நாற்பதை நெருங்கும் வயது. ஷூவின் குதிகால் பக்கத்துத் தோலை இரண்டு பக்கங்களோடும் சேர்த்துத் தைப்பார். நான் போய் நின்ற முதல் நாளே திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா பாப்பா, நாள் பூரா நின்னுகினே இருக்கியே, கால் வலிக்கல உனுக்கு?"

அன்றைக்கு மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு நின்றுகொண்டிருந்த என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். அந்த லைனின் ஆறேழு பெண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் எனக்கும் இடம் கிடைத்தது. என் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பார்த்துவிட்டு, தன் டப்பாவிலிருந்து கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் எடுத்து என் தட்டில் வைத்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் அந்தப் பெஞ்சில்தான் சாப்பிட்டேன். எனக்கு ஊர் நாட்றம்பள்ளி. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா ஆரம்பப் பள்ளி டீச்சர், தனியாக இருக்கிறார். இதெல்லாம் அந்தப் பெஞ்சில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்டில் ஒரு புது மாடல் வந்தது. அவசர ஆர்டர். இரண்டு நாளில் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார் மேனேஜர். முறைப்படி ஒரு வேலைக்கு மூன்று பேரையாவது பார்க்க வேண்டும். வேகமாகத் தைப்பவர், சுமாராகத் தைப்பவர், புதிதாகச் சேர்ந்தவர் என்று. நான் குதிகால் வேலைக்கு அந்த அக்காவை மட்டும் பார்த்தேன். நேரம் இல்லை என்பது ஒரு காரணம். முகம் கோணாமல் தைத்துக் காட்டுவார் என்பதுதான் உண்மையான காரணம்.

அன்றைக்கு அவர் தைத்த வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கு நுனியில் வியர்வை நிற்க, பீஸுக்குப் பின் பீஸாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். வழக்கம்போலத் தையுங்கள் என்று ஒரு தடவை சொன்னேன். சிரித்தார். நான் அந்த விநாடிகளை அப்படியே குறித்துக்கொண்டேன்.

"எத்தன பேர எடுத்தம்மா?" நான் அட்டையைக் கொடுத்தபோது மேனேஜர் கேட்டார்.

"மூணு பேர் சார்."

அடுத்த வாரம் அந்த விநாடிகளை வைத்துப் போட்ட எண் கரும்பலகையில் ஏறியது. அந்த அக்காவால் முதல் ஒரு மணி நேரம் அந்த எண்ணைத் தொட முடிந்தது. பிறகு அவராலேயே முடியவில்லை. பக்கத்து மெஷின்காரர்களால் எந்த மணி நேரமும் முடியவில்லை. சூப்பர்வைசர் காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்திக்கொண்டே இருந்தார். தண்ணீர் குடிக்க எழுந்தவர்களை முறைத்தார். யாரைப் பார்த்து அந்த நேரத்தை எடுத்தார்கள் என்பது ஒரே நாளில் லைன் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

மதியம் நான் தட்டோடு போனபோது அந்த அக்கா எழுந்து கை கழுவும் இடத்துக்கு வந்தார். யாரும் கேட்காத குரலில் சொன்னார்.

"உனுக்கு நல்ல பேர் வரட்டும்னுதான் பாப்பா நான் வேகமா தச்சேன். உன் ஆபீசர் கிட்ட உனுக்கு மதிப்பு இருக்கும்னு பாத்தேன். இப்போ எல்லாரும் என்னையதான் திட்டறாங்க."

"நான் மேனேஜர்கிட்ட சொல்றேங்க்கா."

"சொல்லு," என்றார். திரும்பிப் போய்விட்டார்.

நான் சொல்லவில்லை. மேனேஜர் அறையின் கதவு வரை போனேன். மூன்று பேர் என்று சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன்.

அவர்கள் என்னோடு சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்த நாள் பெஞ்சில் டப்பாக்களைக் கொஞ்சம் அகலமாகப் பரப்பி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். நான் ஜன்னல் ஓரம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்குப் பிறகு தினமும் அங்கேதான்.

அதே மாதம் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த பெண் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்வார். சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா, ஒரு வரன் வந்திருக்கிறது, போட்டோ அனுப்பட்டுமா. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். போனை வைத்த பிறகு அடுத்த நாள் காலை சூப்பர்வைசருக்கு வணக்கம் சொல்லும்வரை வாய் திறக்க வேண்டிய தேவையே இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் இல்லை.

நான் ஓட ஆரம்பித்தது ஒரு பஸ்ஸின் பின்னால்.

கம்பெனி பஸ் ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி வழியாக வந்து, ஆம்பூர் பைபாஸில் எங்களை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே வேலூர் சாலையில் இருக்கும் கம்பெனிக்குப் போகும். செப்டம்பரில் ஒருநாள் நான் வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். ஒரு பெட்ரோல் பங்க் தூரம் இருக்கும். டிரைவர் கண்ணாடியில் பார்த்து நிறுத்தினார். படியேறி நின்றபோது மூச்சு வாங்கவில்லை, மூச்சே வரவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன்.

முன்பானால் பஸ்ஸே சிரித்திருக்கும். 'இன்னா மேடம், வாச்ச போட்டுப் பாத்தியா, எத்தன செகண்டு?' என்று ஒருத்தி கேட்டிருப்பாள். அந்த அக்கா நகர்ந்து இடம் கொடுத்திருப்பார். அன்றைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி வரை நின்றுகொண்டே போனேன். நெஞ்சு அடிக்கிற சத்தம் பஸ் முழுக்கக் கேட்பது போலிருந்தது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஹாஸ்டல் கேட் திறந்ததும் பக்கத்துப் பள்ளி மைதானத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போது யோசித்தால் பெரிய காரணம் எதுவும் தெரியவில்லை. இருபத்து மூன்று வயதில் நூறு அடி ஓட முடியவில்லையே என்ற வெட்கம் இருந்தது. விடிந்ததிலிருந்து பஸ் வரும்வரை செய்ய ஒன்றும் இல்லாமலும் இருந்தது.

முதல் நாள் மைதானத்தில் அரைச் சுற்று ஓடினேன். பிறகு நடந்தேன். செருப்பு வாரறுந்து போயிற்று. அந்த வார இறுதியில் கடைத்தெருவில் கேன்வாஸ் ஷூ வாங்கினேன். வெளிநாட்டுக்கு ஷூ தைத்து அனுப்புகிற ஊரில் ஒரு பெண் காலுக்கு ஓடுகிற ஷூ தேடினால் நான்கு கடை ஏற வேண்டியிருந்தது. கடைசியில் பையன்களின் ஷூவில் ஒரு ஜோடி சரியாக இருந்தது.

ஹாஸ்டல் வார்டனுக்கு இது பிடிக்கவில்லை.

"எதுக்கும்மா ஓடற? போலீசு பரீட்சை எழுதறியா?"

"இல்ல மேடம். சும்மாதான்."

"சும்மாவா? நடந்தா போதாதா? எல்லாரும் நடக்கிறாங்க பாரு."

உண்மைதான். அந்த மைதானத்தில் எல்லோரும் நடந்தார்கள். பள்ளிவாசலில் தொழுகை முடித்துவிட்டு வருகிற பெரியவர்கள் ஒரு பக்கம், புர்கா அணிந்த பெண்கள் இரண்டிரண்டு பேராக உருதுவில் பேசிக்கொண்டு இன்னொரு பக்கம். என்னைத் தவிர ஓடியவர்கள் போலீஸ் வேலைக்குத் தயார் செய்துகொண்டிருந்த நான்கைந்து பையன்கள் மட்டும். அவர்கள் ஒருவரையொருவர் கத்தி உற்சாகப்படுத்திக்கொண்டு போவார்கள். எனக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் நானே எனக்கு இலக்கு வைத்துக்கொண்டேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். நிற்காமல் ஒரு சுற்று. அடுத்து மூன்று. அடுத்து பத்து. தேதி போடவில்லை. ஸ்டாப்வாட்ச் கம்பெனி மேஜை டிராயரிலேயே இருந்தது. போனில் நேரம் பார்க்கிற வசதியையும் நான் தொடவில்லை. எத்தனை சுற்று என்பது மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு சுற்று முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. மூன்று சுற்றுக்கு இன்னொரு மாதம். நிற்காமல் மூன்று சுற்று முடித்த காலையில் மைதானத்தின் ஓரத்தில் குனிந்து நின்று சுற்றிலும் பார்த்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நடந்து வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போனார். அவர் தினமும் எல்லோருக்கும் ஆட்டுவார்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, நான் தெனம் காலைல ஓடறேன்."

"எங்க, பஸ்ஸுக்கா?"

"இல்லம்மா. கிரவுண்டுல. உடம்புக்கு."

அம்மா, "ஜாஸ்தி ஓடாத. ஏற்கெனவே எளச்சிப் போயிருக்க. போட்டோ எடுத்தா கன்னம் ஒட்டிப் போயிருக்கும்," என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நவம்பரில் மழை வந்தது. மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. தார்ச் சாலையில் ஓடிப் பார்த்தேன். நான்காவது நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடித்துக்கொண்டது. படி இறங்கும்போது பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் ஓடவில்லை. அந்த மூன்று வாரம் எப்படிப் போயிற்று என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தே கிடந்தேன். சர்ச்சுக்குப் போகவில்லை, ஆனால் போனதாக அம்மாவிடம் சொன்னேன். மதியம் சாப்பிட இறங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டு, இந்த ஊரில் நான் இன்றைக்கு எழுந்திருக்கவே இல்லையென்றால் நாளைக்குப் பஸ் கிளம்பும்வரை யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் எழுந்து உட்கார்ந்தேன். முகம் கழுவிக்கொண்டு, மழை விட்டிருந்த கொஞ்ச நேரத்தில் மைதானத்தைச் சுற்றி நொண்டிக்கொண்டே நடந்தேன்.

டிசம்பரில் மறுபடி ஓட ஆரம்பித்தபோது காலைக் கவனித்து ஓடக் கற்றிருந்தேன். ஒருநாள் ஓடினால் ஒருநாள் ஓய்வு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பத்துச் சுற்று. விடுமுறைக்கு நாட்றம்பள்ளிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, ஆம்பூரைத் தாண்டியதும் நெடுஞ்சாலைப் பச்சைப் பலகையில் வாணியம்பாடிக்கு இவ்வளவு கிலோமீட்டர் என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். மாதத்துக்கு இரண்டு முறை பார்க்கிற பலகைதான். பதினாறோ பதினேழோ. மனசுக்குள் அதை மைதானத்தின் சுற்றுகளாக மாற்றிப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் வந்தது. முடியாது என்றுதான் முதலில் தோன்றியது. வாணியம்பாடியில் பஸ் நின்றபோது, முடியும் என்று தோன்றியது. திரும்பி வந்ததும் அலமாரிக் கதவின் தாளில் எழுதினேன். ஆம்பூர் முதல் வாணியம்பாடி.

ஜனவரியில் வேலை தொடங்கிய முதல் திங்கள்கிழமை குதிகால் தைக்கும் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"அவங்க நின்னுட்டாங்களே மேடம். ஆலங்காயம் பக்கத்துலயே ஒரு யூனிட்டு போட்ருக்காங்க. அங்க போய்ட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசி நாளன்று எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாராம்.

பிப்ரவரியில் முதல் முறை முயன்றேன். ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினேன். வார்டனிடம் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். நெடுஞ்சாலையின் பக்கத்துச் சாலையில் லாரிகளுக்கு எதிர்ப்புறமாக ஓடினேன். தவறு முதல் மூன்று கிலோமீட்டரிலேயே நடந்துவிட்டது. காற்று குளிர்ச்சியாக இருந்தது, கால் இலேசாக இருந்தது, யாருக்கோ காட்ட வேண்டும் என்பது போல வேகமாக ஓடினேன். விண்ணமங்கலம் வருவதற்குள் விலாவில் கத்தி செருகியது போல வலித்தது. ஒரு மைல்கல்மேல் உட்கார்ந்தேன். பைக்கில் போன இரண்டு பேர் வேகத்தைக் குறைத்து ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்த டவுன் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தப் பஸ்ஸில்தான் அந்த அக்காவின் மூக்கு நுனி வியர்வை நினைவுக்கு வந்தது. யாருக்காகவோ வேகமாகப் போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அன்றைக்கு என் விலா எனக்குச் சொல்லிவிட்டது. படித்துப் பட்டயம் வாங்கியவள் நான். ஒருவரின் முதல் மணி நேர வேகத்தை நாள் முழுக்கக் கேட்கக் கூடாது என்பது எனக்குப் பாடத்திலேயே வந்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

மார்ச் கடைசியில் இரண்டாவது முறை கிளம்பினேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். இந்த முறை பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்துக்கு மேல் போகவில்லை. பேச ஆள் இல்லாததால் எனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு ஓடினேன். எதிரே தென்பட்டவற்றின் பெயர்களைச் சொன்னேன். புளியமரம். பஞ்சர் கடை. தென்னந்தோப்பு. இடது பக்கம் ரயில் பாதை. விண்ணமங்கலத்தில் மூன்று நாய்கள் துரத்தின. நின்று, குனிந்து கல் எடுப்பது போலப் பாவனை செய்தேன், நின்றுவிட்டன. பாதி தாண்டிய பிறகு கால்கள் என்னுடையவை இல்லை என்பது போல ஆகிவிட்டன. இரண்டு தடவை நடந்தேன். நடக்கக் கூடாது என்று தாளில் எழுதவில்லையே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கடைசி மூன்று கிலோமீட்டர் வெயில் முகத்தில் அறையவில்லை, முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வாணியம்பாடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை முன்னால் நின்றேன். அதுதான் முடிவு என்று வைத்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

டீக்கடைக்காரர் தலையில் தொப்பி போட்டவர், தாடி நரைத்தவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா மா, யாராச்சும் துரத்திகினு வந்தாங்களா?"

"இல்ல பாய். ஓடி வந்தேன்."

"எங்கேர்ந்து?"

"ஆம்பூர்லேர்ந்து."

அவர் பாய்லரைத் திறந்தபடியே நின்றுவிட்டார். "பஸ்ஸு இல்லியா இன்னைக்கு? ஸ்ட்ரைக்கா?"

"பஸ் இருக்கு. ஓடலாம்னு ஓடி வந்தேன்."

"பேஜார்தான்," என்றார். பிறகு பெஞ்சில் இருந்தவரை நகரச் சொல்லி எனக்கு இடம் கொடுத்தார். ஒரு சொம்புத் தண்ணீரில் உப்புப் போட்டு எலுமிச்சை பிழிந்து கொண்டுவந்து வைத்தார். "மொதல்ல இத குடி. டீ அப்புறம்." வேறு எதுவும் கேட்கவில்லை. வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

போனை எடுத்தேன். சென்னைக்குப் போன அறைத்தோழியை அழைத்தேன். மணி அடித்து நின்றது. அம்மாவை அழைக்கலாம், ஆனால் தனியாக நெடுஞ்சாலையில் ஓடினேன் என்று தெரிந்தால் அழுதுவிடுவார். பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தேன். ஆறு மாதம் எழுந்து எழுந்து ஓடியது இவ்வளவுதானா என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்தது. வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

எதிரே ஆலங்காயம் பஸ் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தது. முன்பு பெஞ்சில் வாங்கி வைத்திருந்த அந்த அக்காவின் போன் எண்ணை அழுத்தினேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன்.

"யாரு?" மிக்ஸி ஓடுகிற சத்தம். "யாரு பேசறது?"

"நான்தாங்க்கா. ஆம்பூர் கம்பெனி. வாட்ச்..."

மிக்ஸி நின்றது. "பாப்பாவா? இன்னா பாப்பா, இன்னா ஆச்சு? எங்க இருக்க?"

"வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டுல. ஆம்பூர்லேர்ந்து ஓடி வந்தேங்க்கா."

"ஓடி வந்துட்டியா? வீட்ல சண்டையா? யாரையாச்சும் இட்டுகினு வந்துட்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை மாதத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். விளக்கிச் சொன்னேன். அவருக்கு முழுவதும் புரிந்ததா என்று தெரியவில்லை.

"யாருமே இல்லாம தனியாவா ஓடின?"

"ஆமாங்க்கா."

"சாப்ட்டியா?"

"இல்ல. அக்கா, நான் அன்னைக்கு மேனேஜர்கிட்ட சொல்லவே இல்ல. உங்க ஒருத்தரதான் பாத்தேன்னு சொல்லல. பயந்துட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை நகர்த்தினார்.

"தெரியும் பாப்பா," என்றார். "சொல்லியிருந்தா நம்பர் எறங்கி இருக்குமே." பிறகு, "எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. பத்து வருசம் கூட தச்சவங்க, ஒரே நாள்ல என்னைய வேற மாதிரி பாத்தாங்க. அதான் கெளம்பி வந்துட்டேன். இங்கயும் ஒரு பொண்ணு வாச்ச வச்சிகினு நிக்குது. நான் மெதுவாதான் தைக்கறேன். போ, போய் நாலு இட்லி சாப்டு. வெயில்ல நிக்காத."

வீட்டுக்கு வா என்று அவர் கூப்பிடவில்லை. நான் எதிர்பார்த்தேனா என்று கேட்டால், ஆமாம், எதிர்பார்த்தேன். ஆலங்காயம் பஸ் கிளம்பிப் போயிற்று. நான் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆம்பூருக்கு ரயிலேறினேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய தூரத்தை ரயில் கால் மணி நேரத்தில் கடந்துவிட்டது. விண்ணமங்கலத்தில் அந்த மைல்கல்லைத் தேடினேன். பாதையிலிருந்து தெரியவில்லை.

ஏப்ரலில் அடுத்த மாடல் வந்தது. மறுபடியும் இரண்டு நாள் அவகாசம். நான் நான்கு நாள் எடுத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து பேர், காலையில் ஒரு தடவை, மதியத்துக்குப் பிறகு ஒரு தடவை. மேனேஜர் கூப்பிட்டுக் கத்தினார்.

"போன தடவ ரெண்டு நாள்ல குடுத்தியே. இப்ப இன்னா வந்தது?"

"போன தடவ ஒருத்தரதான் சார் எடுத்தேன். மூணு பேருன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அந்த ஆர்டரே முடிஞ்சி போச்சு. இத நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்."

எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. புது மாடலுக்குப் பலகையில் ஏறிய எண் தொடக்கூடியதாக இருந்தது. யாரும் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எட்டக்கூடிய எண்ணை யாரும் கவனிப்பதில்லை. பெஞ்சில் டப்பாக்கள் அதே அகலத்தில்தான் இருந்தன. ஜூனில் ஒருநாள் லைனின் மூத்த பெண்மணி மட்டும் என் ஜன்னல் பக்கம் வந்து, ஊறுகாய் டப்பாவை வைத்துவிட்டு, "மாங்கா. போன வாரம் போட்டது," என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பிட்டுவிட்டுக் கழுவிக் கொடுத்தேன்.

அதற்கடுத்த வருடம் வேலூரில் வேறு வேலை கிடைத்து வந்துவிட்டேன். இங்கே காலையில் கோட்டையைச் சுற்றிக் கூட்டமாக ஓடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள், கல்லூரிக்காரர்கள், ஒரே நிறத்தில் பனியன் போட்டவர்கள். சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் போனேன், சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு ஞாயிறு ஓடினேன். அவர்கள் ஓடும்போது பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டிருந்தது. ஓடும்போது பேசுகிற பழக்கம் எனக்கு வரவே இல்லை. மூன்றாவது ஞாயிறு அவர்களுக்கு முன்பே கிளம்பி எதிர்த்திசையில் ஓடினேன். அகழி ஓரம் அவர்களைக் கடந்தபோது எல்லோரும் கையசைத்தார்கள்.

இப்போது எனக்கு இருபத்தேழு வயது. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். இந்த வருடம் இருபத்தொரு கிலோமீட்டர் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே அதை ஓடப்போகிறேன் என்று போன மாதம் அம்மாவிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"எத்தன மணிக்கு முடியும்?" என்றார்.

"ஏழரை, எட்டு ஆவும்மா."

"சர்ச்சுக்கு நேரமாய்டுமே," என்றார். கொஞ்சம் யோசித்தார். "பரவால்ல. ரெண்டாவது ஆராதனைக்குப் போய்க்கலாம். நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"